நடுவில் இல்லாத வயர்

என் மகனை நான் ஏமாற்றினேன். அவன் செய்துகொண்டிருந்த எலக்ட்ரிக் கிட்டாருக்குள் ஒரே வயராக ஓடவேண்டிய இடத்தில், இரண்டு சிறு துண்டுகளை இரு முனையிலும் ஒட்டிவைத்து, உள்ளே முழு வயர் போகிறது என்று அவனை நம்பவைத்தேன். தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நடுவில் வயர் இல்லை என்பது எனக்கே தெரியும்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த வயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கக்கூடியவன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பாப்பாரப்பட்டியில் எங்கள் வீடு. மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழைநாளில் ஊருக்கு வரும் வழியில், பாலக்கோடு நெருங்கும்போது பைக் சறுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன, பிடித்தன. ஆனால் எதையாவது பிடித்து அசையாமல் வைத்திருக்க முடியவில்லை. டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விடுவான். நடுவில் நிறுத்தினால் காபி தளும்பிவிடும். கைக்குப் பயிற்சி கொடுக்க மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்திருந்தார்கள். டிவி பார்க்கும்போதும் பேசும்போதும் அதைப் பிசைந்துகொண்டே இருப்பான். தொழிற்சாலையில் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்த பேச்சும் அப்படியே நின்றது.

ஓசூரில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் ஒருவன், மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தான். உட்கார்ந்து செய்கிற வேலை, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வந்தால் போதும், ஒரு டெஸ்ட் வைப்பார்கள், எப்போது தயாரோ அப்போது சொல் என்று அவன் போனில் சொல்லியிருந்தான். அதன்பிறகு மகன் சால்டரிங் இரும்பு ஒன்று வாங்கிவந்து பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழகினான். சில வாரங்கள் கழித்துக் கூரியரில் ஒரு நீளமான பெட்டி வந்தது. பாகங்களை நாமே பூட்டிச் செய்துகொள்கிற கிட்டார் கிட். கல்லூரி நாட்களில் அவன் நண்பர்களோடு சேர்ந்து வாசித்தவன்.

அவன் காதில் விழும்படியே என் மனைவியிடம், கை சரியாகட்டும் என்று பார்த்தால் பொம்மை வாங்கியிருக்கிறான் என்றேன். அவன் என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் பொறுமையாக விளக்கினான். இதில் சால்டர் வைக்கவேண்டிய இடம் நிறைய இருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்து இரைச்சல் இல்லாமல் சத்தம் வந்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தம், உடனே ஓசூருக்குப் போன் செய்துவிடுவேன். வராவிட்டால் அங்கே போய் நாலு பேர் முன்னால் அவமானப்பட வேண்டியதில்லை. தனக்குத் தானே வைத்துக்கொண்ட டெஸ்ட் அது. அந்த அறையில் நானும் இருந்தேன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கிட்டாரின் உடல் ஒரு கனமான மரக்கட்டை. தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப் என்னும் காந்தச் சுருள்களுக்கு இரண்டு குழி, திருகும் குமிழ்களுக்கு ஒரு குழி, பக்கவாட்டில் வயர் சொருகுகிற ஜாக்குக்கு ஒரு துளை என்று வெட்டியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு வயர் போகிற பாதை இல்லை. அதை நாமே மரத்துக்குள் துளைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியாத சின்னச் சுரங்கங்கள். மகன் அதை டனல் என்றுதான் சொல்வான். அவற்றில் கடைசியானது எர்த் வயருக்கானது. தந்திகள் வந்து முடிகிற உலோகத் தகட்டுக்கு பிரிட்ஜ் என்று பெயர். அதன் அடியிலிருந்து சாய்வாக இறங்கிக் குமிழ்க் குழிக்குள் போகவேண்டும். அந்த ஒரு வயரால்தான் தந்திகளுக்கு எர்த் கிடைக்கும். அது இருந்தால், வாசிக்கிறவன் விரல் தந்தியில் பட்டதும் பின்னால் கேட்கும் இரைச்சல் அடங்கும்.

"டனல் மட்டும் நீங்க போட்டுக் குடுங்கப்பா. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றான்.

கட்டையின் மேல் பென்சிலால் கோடுகள் போட்டுக் கொடுத்தான். தருமபுரியில் ஹார்டுவேர் கடையிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு டிரில் பிட் வாங்கிவந்தான். பிட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும், வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும், மறுபடி இறக்க வேண்டும், ஒரே மூச்சில் அழுத்தக் கூடாது என்று சொன்னான். இயந்திரத்தில் வேலை பார்த்தவன் சொல்கிற முறை. எனக்குச் சுருக்கென்றது. நீ பிறப்பதற்கு முன்பே நான் லேபில் துளை போட்டவன் என்றேன். சரிங்கப்பா என்று சிரித்துவிட்டு, அம்மாவுக்கு மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான்.

முதல் மூன்று பாதைகளும் நன்றாகவே வந்தன. ஒரு குழியில் டார்ச் அடித்து அடுத்த குழியில் வெளிச்சம் வருவதைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசிப் பாதை எல்லாவற்றிலும் சிறியது. அவன் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று அழுத்தினேன். தூளைத் தட்டவில்லை. பாதி வழியில் பிட் இறுகி நின்றது. பின்னோக்கிச் சுழற்றி எடுத்திருக்கலாம். நான் டிரில்லைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். உள்ளே பிட் உடைந்தது. முனை மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உடைந்தது ஒரு பிட், கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, சற்றுத் தள்ளி இன்னொரு பாதை போட இடம் இருந்தது. ஆனால் அவன் சொன்ன அதே காரணத்தால் உடைந்தது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. குமிழ்க் குழியின் பக்கச் சுவரில், பாதை வந்து சேரவேண்டிய இடத்தைப் பார்த்து, சின்ன பிட்டால் அரை விரல் ஆழத்துக்கு ஒரு பொய்த் துளை போட்டேன். அதில் ஒரு துண்டு வயரைச் செருகி, பசையும் மரத்தூளும் வைத்து இறுக்கினேன். பிரிட்ஜ் பக்கத்துத் துளையில் இன்னொரு துண்டு. அதன் முனையைச் சீவிப் பிரித்து மரத்தின் மேல் படியவைத்துத் தகட்டைத் திருகினேன். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற ஒரே வயர்.

அவன் திரும்பிவந்து பார்த்தான். எர்த் வயரையும் இழுத்துவிட்டீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டான். ஆமாம், மீட்டரிலும் பார்த்துவிட்டேன் என்றேன். எங்கள் தெருவில் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி எது பழுதானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாத்தியார் பார்த்துவிட்டார் என்றால் அதை இன்னொரு முறை யாரும் பார்ப்பதில்லை. அவனும் பார்க்கவில்லை.

அடுத்த பத்துப் பதினைந்து நாட்கள் அவன் சால்டர் வைத்தான். வலது கையின் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஒவ்வொரு புள்ளியாக வைப்பான். முடிந்ததும் வாடகைக்கு எடுத்துவந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டினான். சத்தம் வந்தது. கூடவே, வண்டு அறைக்குள் சுற்றுவதுபோல் ஓயாத இரைச்சலும் வந்தது.

அவன் முட்டாள் இல்லை. இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஜாக்கைத் தொட்டா அடங்குதுப்பா. ஸ்டிரிங்கைத் தொட்டா அடங்க மாட்டேங்குது. எர்த் வயர் எங்கியாவது விட்டிருக்குமோ?"

சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தான் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டேனே. வயர் நல்லாத்தான் இருக்கு. டிரை சால்டரா இருக்கும் பாரு" என்றேன். சால்டர் சரியாக உருகிப் பிடிக்காததை அப்படித்தான் சொல்வார்கள். அதாவது உன் கையின் குற்றம் என்று சொன்னேன்.

மறுபடி எல்லாவற்றையும் உருக்கி எடுத்துவிட்டு வைத்தான். இரைச்சல் போகவில்லை. மறுபடி வைத்தான். பிறகு அவனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. கோடையில் வீட்டு எர்த் குழி காய்ந்துபோயிருக்குமோ என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். அது பொய்யும் இல்லை. எங்கள் ஊர் மண்ணில் வெயில் காலத்தில் குழிக்கு உப்பும் தண்ணீரும் ஊற்றுவது வழக்கம்தான். ஆனால் இந்த இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம். துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் அவன் ஒரு வாளியில் சேர்த்துவைத்தான். மாலையில் கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கும் குழிக்குக் கல்லுப்பைப் போட்டு அதை ஊற்றுவான். வாளியை வலது கையால்தான் தூக்கிக்கொண்டு போவான், பயிற்சியாக இருக்கட்டும் என்று. கை நடுங்கி, வாசலிலிருந்து குழி வரைக்கும் தண்ணீர் சிந்திக்கொண்டே போகும். ஊற்றிவிட்டு உள்ளே ஓடி கிட்டாரை மாட்டிப் பார்ப்பான்.

என் மனைவி ஒருநாள் சமையலறையிலிருந்து வந்து, "ஏங்க, புள்ள தண்ணியத் தூக்கிட்டு அலையறான், நீங்க ஒக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கீங்க. உங்க படிப்புல ஒரு வழியும் இல்லீங்களா?" என்றாள். அவன்தான் இடைமறித்து, அப்பா என்ன செய்வார், அவர் பார்த்துக் கொடுத்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

ஒரு வாரம் ஊற்றியிருப்பான். கடைசியாக ஒருமுறை சால்டரை உருக்கும்போது இரும்பு அதிக நேரம் பட்டு, பிக்கப்பின் தலைமுடி போன்ற கம்பி அறுந்தது. அவன் இரும்பை அணைத்துவிட்டு உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அம்மாவிடம் போனான். சமையலறையில் அவன் அழும் சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்து, எனக்கு முன்னாலேயே நின்று ஓசூருக்குப் போன் செய்தான். கை வரவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். போன் பேசி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கிட்டார் பெட்டிக்குள் போய் பீரோவின் மேல் ஏறியது. உறவினர் ஒருவரின் புளி குடோனில், மூட்டைகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவன் சேர்ந்தான். இடது கையால் ஸ்பூனில் சாப்பிடப் பழகிக்கொண்டான். யாராவது ஒரு பொருளை நீட்டினால் வலது கை முன்னே வராமல் சட்டைப் பைக்குள் போனது. மாதங்கள் போகப்போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் உடைந்த பிட்டைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம். இப்போது அவன் வேண்டாம் என்று சொன்ன வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை தெருவில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு மஞ்சள் பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சுப் பந்து. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அண்ணன் எனக்கே எனக்குன்னு குடுத்துட்டாங்க என்றது.

அன்று அவன் குடோனுக்குப் போனபிறகு கிட்டாரைக் கீழே இறக்கினேன். பிரிட்ஜைக் கழற்றி வயரை இழுத்தேன். சிரமமில்லாமல் விரல் நீளத் துண்டு கையோடு வந்தது. குமிழ்ப் பக்கத்துத் துண்டைச் சூடுபடுத்தி, பசையிலிருந்து பிடுங்கினேன். புதுப் பாதை போட்டு, முழு வயர் இழுத்து, பிக்கப்பையும் மாற்றி, யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்காகப் பிட் கூட வாங்கிவைத்திருந்தேன். டிரில்லைக் கையில் எடுத்த பிறகுதான், இதுவும் முதலில் செய்ததைப் போன்ற வேலைதான் என்று புரிந்தது. கழற்றியதைக் கழற்றியபடியே வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். கட்டிலின் மேல் கிட்டாரையும் பக்கத்தில் இரண்டு துண்டுகளையும் பார்த்தான். பிட் உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் நான் சொன்னேன். காரணம் எதையும் சேர்க்கவில்லை. அவன் துண்டுகளை எடுத்து, ஒன்றின் முனையை இன்னொன்றின் முனையோடு வைத்துப் பார்த்தான். கை நடுங்கியதில் அவை ஒட்டி நிற்கவில்லை.

"நடுவுல?" என்றான்.

"நடுவுல ஒண்ணும் இல்லைப்பா. உடைஞ்ச பிட்டுதான் நிக்குது."

துண்டுகளைக் கட்டிலின் மேலேயே வைத்தான். பிறகு கோபமில்லாமல், ஏதோ தகவல் கேட்பதுபோலக் கேட்டான்.

"நான் குழிக்குத் தண்ணி ஊத்தறப்ப நீங்க பார்த்துட்டுத்தானேப்பா இருந்தீங்க?"

பார்த்தேன் என்றேன். அவன் சாப்பிடாமல் குடோனுக்குத் திரும்பிப் போய்விட்டான். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "கை போச்சுன்னு அவன் எங்கிட்ட அழுதப்பகூட உங்களுக்கு வாய் வரலையே" என்றாள். போட்டுவைத்த சோற்றை எடுத்துப் போய் மூடிவைத்தாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஓசூருக்குப் பஸ் ஏறினேன். அந்த நண்பனை அவன் கம்பெனி வாசலிலேயே பிடித்தேன். தேநீர்க் கடையில் உட்காரவைத்து, என் மகன் கையில் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று முழுவதையும் சொன்னேன். அவன் மரியாதையான பையன். சங்கடத்தோடு கேட்டுக்கொண்டான். அந்த இடத்துக்கு அப்போதே ஆள் போட்டாயிற்று என்றான். "அவனே போன் பண்ணி கை வராதுன்னான் சார். நானும் மேல அப்படியே சொல்லிட்டேன். இப்ப வரும்னு நான் எப்படிங்க சார் போய்ச் சொல்றது?" என்றான். இடம் வந்தால் பார்க்கலாம் என்று பஸ் நிலையம் வரை வந்து வழியனுப்பினான்.

நான் போய்வந்தது மகனுக்குத் தெரிந்தபோதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. கை நடுங்குகிற கதையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லச் சொல்லி உங்களை யார் கேட்டது என்றான். அவன் என்னை அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அதிலும் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அவனைக் கேட்காமல்தான் போயிருந்தேன்.

கிட்டாரை அவன் எடுத்துக்கொண்டு போனான். பாலக்கோட்டில் ஒரு லேத் பட்டறையில் பழகிய ஆள் இருந்தார். அங்கே ஒரு மரத்துண்டில் சாய்வாகத் துளை போட்டு, அதைக் கட்டையின் மேல் இறுக்கிக் கட்டி, அந்தத் துளை வழியாகவே நீள பிட்டை இறக்கியிருக்கிறான். கை நடுங்கினாலும் பிட் வழி தப்ப முடியாது. இதை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அன்னிக்கே அவனால முடிஞ்சிருக்குங்க. ரிட்டையர்டானதுல இருந்து அப்பா சும்மா ஒக்காந்திருக்காரேன்னுதான் உங்களைக் கேட்டிருக்கான்" என்றாள்.

புது பிக்கப் வாங்கி மாட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அறையில் ஆம்ப்ளிஃபயரைப் போடும் சத்தம் கேட்டது. லேசான இரைச்சல் எழுந்தது. அவன் தந்தியில் கை வைத்திருக்க வேண்டும், அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் எதுவும் வாசிக்கவில்லை. பிறகு மெதுவாக, தடுமாறித் தடுமாறி வாசித்தான். என் மனைவி போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

இப்போதும் என்னோடு பேசுகிறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசி பஸ் போய்விட்டது என்று நான் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் யாரையாவது விசாரிக்கிறான். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அதை எனக்குத் தெரியாமல் செய்ய முயல்கிறான் என்பதுதான் தாங்க முடியவில்லை.

சென்ற வாரம் ஓசூரில் வேறொரு கம்பெனியில் சால்டரிங் டெஸ்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அவனாக விசாரித்துக் கண்டுபிடித்த இடம். கிளம்புவதற்கு முந்தின நாள், சட்டை தேய்க்க எடுத்த இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. நான் அதைப் பிரித்து, வயரை மாற்றி, சரிசெய்து வைத்தேன். "சரியாயிடுச்சுப்பா, தேய்ச்சுக்கலாம்" என்றேன். அவன் சரிங்கப்பா என்றான். நான் அறையை விட்டு வெளியே வரும்வரை காத்திருந்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வலது மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு, பெட்டியின் மூடியைத் திறந்து நான் முடுக்கிய ஒவ்வொரு திருகையும் பார்த்தது கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூடிவிட்டு, சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். டெஸ்ட் முடிந்தது, ஒரு வாரத்தில் சொல்வார்களாம் என்று அம்மாவுக்குப் போன் செய்தான்.